வெர்னியர் வைத்து அளந்த மோதிரம்

டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கும். அளவு சரியாக இருந்தால் எதுவும் பொருந்தும் என்பதுதான் அது. பேரிங், ஆயில் சீல், பிஸ்டன் ரிங் எல்லாவற்றுக்கும் வெர்னியர் காலிப்பர் சொல்கிற எண்தான் வேதவாக்கு. அந்த நம்பிக்கையோடுதான் 2023 ஜூலையில் என் காதலியின் பிறந்தநாளுக்கு ஒரு தங்க மோதிரம் வாங்கினேன்.

அளவெடுத்த விதத்தில் அன்று எனக்குப் பெரிய பெருமை. பரோட்டாக் கடையில் கை கழுவப் போனவள், போட்டிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். என் பையில் கடைச் சாமான்களோடு வெர்னியர் கிடந்தது. எடுத்து உள்விட்டத்தை அளந்தேன். 17.2 மில்லிமீட்டர். அவள் திரும்பி வருவதற்குள் மோதிரம் பழைய இடத்தில் இருந்தது. நம் ஊர் மோதிர அளவுக் கணக்கு எளிமையானது. உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து நாற்பதைக் கழித்தால் கடைக்காரர் சொல்லும் எண் வந்துவிடும். 17.2 விட்டத்துக்குச் சுற்றளவு 54. ஆக, 14ஆம் அளவு. நூலைச் சுற்றி அளந்து ஏமாறுகிற ஆள் நான் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதுரையில் நகை என்றால் தெற்கு ஆவணி மூல வீதி. சின்னதும் பெரியதுமாக வரிசையாகக் கடைகள். ஒன்றில் நுழைந்து மோதிரம் கேட்டேன். விற்பனையாளர், "யாருக்குத் தம்பி?" என்றார். கூச்சத்தில் "தங்கைக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதய வடிவம் பதித்த மோதிரத் தட்டை எடுத்து முன்னால் வைத்தார். தங்கைக்கு இதய மோதிரம் காட்டுகிற கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன். பொய் சொன்னதால் நஷ்டம் எனக்குத்தான். வயது என்ன, என்ன வேலை பார்க்கிறார், தினமும் போடவா விசேஷத்துக்கா என்று அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எல்லாம் அந்த ஒரு சொல்லோடு நின்றுபோயின. யாருக்கு வாங்குகிறோம் என்பதை நகைக்கடைக்காரரிடம் மறைக்காதீர்கள். உங்களைப் போல ஆயிரம் அண்ணன்களை அவர் பார்த்திருப்பார்.

கல் இல்லாத, கோடு மட்டும் வெட்டிய ஒரு மோதிரத்தை எடுத்தேன். எடை 2.3 கிராம். அன்றைய விலை கிராம் 5,500 ரூபாய் அளவில். தங்கத்துக்கு 12,650, சேதாரம் 14 சதவீதத்துக்கு 1,771, இதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி, ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான வரியும். மொத்தம் பதினைந்தாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. எங்கள் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுவதும் நான்தான் என்பதால் ரசீதை வரி வரியாகப் படித்தேன். செய்கூலி எங்கே என்று கேட்டேன். சேதாரத்திலேயே அடக்கம் என்றார்கள். சில கடைகளில் இரண்டும் தனித்தனி. சேதாரம் குறைவு என்று விளம்பரம் செய்துவிட்டுச் செய்கூலியில் பிடிப்பவர்களும் உண்டு. ஆகவே சதவீதத்தை மட்டும் கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. இந்த உருப்படிக்கு எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று இரண்டு கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஹால்மார்க் விஷயத்தில் ஏமாறவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் தங்க நகையை விற்கக் கூடாது என்று விதி வந்திருந்தது. மோதிரத்தின் உட்புறத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணமும், 22 காரட்டுக்கான 916 என்ற எண்ணும், அந்தக் குறியீடும் தெரியும். கைப்பேசியில் பிஐஎஸ் கேர் செயலியைத் திறந்து குறியீட்டைத் தட்டினால் அது எந்த வகை நகை, என்ன தரம் என்று காட்டும். கடையில் நின்றபடியே தட்டிப் பார்த்தேன். மோதிரம், 22 காரட். விற்பனையாளர் கோபித்துக்கொள்ளவில்லை. 2 கிராமுக்குக் குறைவான உருப்படிகளுக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. மூக்குத்தி மாதிரி சின்ன நகை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு, ரசீதிலாவது தரத்தை எழுதி வாங்குவது நல்லது.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, வண்டியூர் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து சின்னப் பெட்டியை அவளிடம் நீட்டினேன். மோதிர விரலில் போட்டாள். மோதிரம் கிறுகிறுவென்று சுற்றியது. கையைத் தாழ்த்தினால் குளத்தில் விழுந்துவிடும் போலிருந்தது. மெதுவாகக் கழற்றி நடுவிரலுக்கு மாற்றினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பரோட்டாக் கடையில் நான் அளந்தது அவள் நடுவிரலில் போட்டிருந்த மோதிரம். அவளுடைய மோதிர விரலுக்கு 11ஆம் அளவே போதும் என்று பிறகு தெரிந்தது. வெர்னியர் பொய் சொல்லவில்லை. எந்த விரல் என்று அதனிடம் கேட்க முடியாதே!

"அழகாக இருக்கிறது" என்றாள். பிறகு பெட்டிக்குள் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மூன்று வாரம் அவள் கையில் அந்த மோதிரத்தை நான் பார்க்கவில்லை. அளவுதான் பிரச்சினை என்று நினைத்து, "கொடு, சின்னதாக்கித் தருகிறேன், ஒரு துண்டு வெட்டிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்" என்றேன். கல் இல்லாத மோதிரத்தில் அது சுலபமான வேலைதான். சுற்றிலும் கல் பதித்ததாக இருந்தால் ஆசாரி கையை விரித்துவிடுவார்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை அரங்கில் செவிலியர். அரங்குக்குள் போவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மோதிரத்துக்கு அடியில் ஈரமும் கிருமியும் தங்கும், கையுறை கிழியும். ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கழற்றி வைக்கிற பெட்டியும் இரண்டு பேருக்குப் பொது. ஆறு நாள் வேலையில் தங்க மோதிரத்தை அவள் எங்கே வைப்பாள்? நாங்கள் பழகத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவள் வேலை எனக்குத் தெரியும். வேலை நாட்களில் அவள் கை வெறுமையாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று மட்டும் ஒரு முறைகூட யோசித்ததில்லை.

"சரி, ஊருக்குப் போகும்போதாவது போடலாமே?"

"அம்மா கேட்பார்கள்."

அவள் வீடு உசிலம்பட்டி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை போய் வருவாள். அவளுடைய அம்மா நகையை உள்ளங்கையில் வைத்தால் போதும், எடையைச் சொல்லிவிடுவார். விதைக்கும் உரத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இருபது ஆண்டுகளாக அடகுக் கடைத் தராசுக்கு எதிரே உட்கார்ந்து கற்ற வித்தை அது. அந்த வீட்டில் எந்த நகை என்ன எடை, எப்போது வைத்தது, எப்போது மீட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தக் கணக்குக்குள் திடீரென்று ஒரு 2.3 கிராம் நுழைந்தால் கேள்வி வராமல் இருக்குமா? "போட்டால் பொய் சொல்ல வேண்டும். அதனால்தான் போடவில்லை" என்றாள். மோதிரம் விடுதி அலமாரியில் பவுடர் டப்பாவுக்குள் இருந்தது.

காதலிக்கு நகை வாங்குவது பற்றிப் பேசுகிறவர்கள் வடிவம், விலை, கல், பெட்டி என்று எல்லாவற்றையும் பேசுவார்கள். வீட்டில் அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் பேச மாட்டார்கள். நம் வீடுகளில் தங்கம் என்பது அப்பா, அம்மா, மாமா பெயரில் உள்ளே வருகிற பொருள். வேறு பெயரில் வந்தால் அது கேள்வியோடுதான் வரும். வீட்டுக்குத் தெரியாத காதல் என்றால், பரிசு கொடுத்த நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவீர்கள். அதை ஒளித்து வைக்கிற வேலை அவளுக்கு. பெட்டியைத் திறக்கிற அந்த நொடியை நான் நூறு முறை கற்பனை செய்து பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வரும் திங்கட்கிழமையை ஒரு முறையும் கற்பனை செய்யவில்லை.

அடுத்த தவறு விலை குறைவானது. வலி மட்டும் கூடுதல். தங்கம்தானே சிக்கல் என்று, மறு பொங்கலுக்கு ஒரு ஃபேன்சி கடையில் பளபளக்கும் கம்மல் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். என்ன உலோகம் என்று கேட்கவில்லை. 180 ரூபாய்ப் பொருளுக்கு என்ன கேள்வி என்ற அலட்சியம். மூன்றாவது நாள் காது மடல் சிவந்து, அரித்து, நீர் கோத்துக்கொண்டது. முலாமுக்கு அடியில் நிக்கல் இருந்தால் சிலருக்கு இப்படி ஆகும், ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த உடம்பு அதை மறக்காது என்று அவள்தான் விளக்கினாள். புண் ஆறியதும் அவளுடைய அம்மா துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிவிட்டாராம். இதை விற்றவனையும் வாங்கியவனையும் சேர்த்துத் திட்டினாராம். வாங்கியவன் யார் என்று தெரியாமலேயே எனக்கு மாமியார் வசவு கிடைத்துவிட்டது. கவரிங் வாங்குவதில் தவறில்லை. போடப்போகிறவருக்கு எந்த உலோகம் ஒத்துக்கொள்கிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். காதில் ஏற்கெனவே என்ன போடுகிறார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெள்ளைத் தங்கம் வாங்கும்போதும் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். சிலவற்றில் நிறத்துக்காக நிக்கல் சேர்ப்பதுண்டு.

எங்கள் கடையில் ஒரு தம்பி வேலை பார்க்கிறான். என் கதை முழுக்கத் தெரிந்தும் என்னிடமே யோசனை கேட்டு வந்தான். மூவாயிரம் ரூபாய் வைத்திருந்தான். தங்கம் வேண்டாம், வெள்ளிக் கொலுசு பார் என்றேன். கொலுசுக்கு யாரும் அடுப்படியில் விசாரணை வைப்பதில்லை. சம்பளத்தில் வாங்கினேன் என்றால் நம்புவார்கள். அவனுடைய காதலியிடம் கேட்டுவரச் சொன்னது மூன்று விஷயம். நீளம் எவ்வளவு (கொலுசு அங்குலக் கணக்கில் விற்கிறது, பத்துக்கும் பத்தரைக்கும் உள்ள வித்தியாசத்தில் கொலுசு கணுக்காலில் நிற்குமா பாதத்தில் விழுமா என்பது முடிவாகிவிடும்), சலங்கை வேண்டுமா வேண்டாமா, திருகு வேண்டுமா கொக்கி வேண்டுமா. அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். சலங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேட்காமல் வாங்கியிருந்தால் நிறைய சலங்கை வைத்ததைத்தான் எடுத்திருப்பேன் என்றான். வெள்ளியில் தங்கத்தைப் போல முத்திரை கட்டாயம் இல்லாததால், எத்தனை சதவீத வெள்ளி, திருப்பிக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எடுப்பீர்கள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கினோம். கொலுசில் சேலம் பேர்போன ஊர் என்பதால் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் சேலம் கொலுசு என்பார்கள். ஊர் பெயரைவிடச் சதவீதம் முக்கியம். கறுக்கும் என்று பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் எந்த வெள்ளியும் கறுக்கும், துடைத்தால் போய்விடும். மெட்டி செட்டாக எடுத்தால் விலை குறையும் என்று ஒரு கடையில் ஆசை காட்டினார்கள். அவன் கேட்ட மாத்திரத்தில் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

இன்னொரு விஷயம். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிக்கக் கல்யாண வீட்டுப் புகைப்படங்களைப் பார்க்காதீர்கள். நானும் பார்த்தேன். ஒரு படத்தில் பெரிய ஜிமிக்கி, மாட்டல், கழுத்தை மறைக்கிற அட்டிகை. ஓ, கனமான நகைதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது அத்தனையும் அவளுடைய சித்தியின் நகைகள், மண்டபத்திலேயே கழற்றித் திருப்பிக் கொடுத்தவை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் களைத்து வரும்போது காதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவளுடைய நகை.

2024 ஜூலை 23ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. விலை சட்டென்று இறங்கியது. அன்று மாலை அவளே பேசினாள். அவள் ஒரு கடையில் மாதம் ஆயிரம் ரூபாய் நகைச்சீட்டுக் கட்டிவந்தாள். பதினோரு மாதம் முடிந்திருந்தது. (வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்தாக வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதி இருப்பதால்தான் இந்தச் சீட்டுகள் பதினோரு மாதத்தோடு நிற்கின்றன.) தற்செயலாக அது நான் மோதிரம் வாங்கிய அதே கடை. "தினமும் போடுகிற மாதிரி ஒரு தோடு எடுக்கப் போகிறேன். நீயும் வா. அந்த மோதிரத்தையும் எடுத்து வருகிறேன், ரசீது வைத்திருக்கிறாயா?" என்றாள்.

வைத்திருந்தேன். உதிரிபாகக் கடைக்காரன் ரசீதைத் தொலைக்க மாட்டான். பரிசுக்கான ரசீதைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பது அநாகரிகம் என்று அது என்னிடமே இருந்தது. விலை தெரியாமல் கொடுப்பது சரிதான். ஆனால் ரசீதைத் தூக்கிப் போடக் கூடாது. வாங்கிய கடையிலேயே ரசீதோடு போனதால் உரசிப் பார்ப்பது, கழிவு பேசுவது என்ற இழுபறி இல்லை. கிராம் 6,400ஐ ஒட்டி இருந்தது. சேதாரமும் வரியும் போனது போனதுதான், தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு. அப்படியும் 2.3 கிராமுக்கு 14,720 ரூபாய் வந்தது. ஓர் ஆண்டு பவுடர் டப்பாவுக்குள் கிடந்த மோதிரம், நான் கொடுத்த விலையைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது. காதலில் நான் செய்த முட்டாள்தனத்துக்குத் தங்கம் முட்டுக்கொடுத்த அபூர்வச் சம்பவம் இது. எல்லா ஆண்டும் இப்படி நடக்காது.

அவள் நகை எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்கு ஒரு பாடம். வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் தோட்டைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தாள். தண்டு எவ்வளவு கெட்டி, திருகாணி எத்தனை சுற்றுப் போகிறது, தொப்பிக்குள் அழுத்தினால் குத்துமா என்று பார்த்தாள். அழுத்திப் பூட்டுகிற வகையை வேண்டாம் என்றாள். தூக்கத்தில் கழன்றால் தெரியாதாம். தொங்குகிற எதுவும் வேண்டாம், முகக்கவசத்தின் கயிறு மாட்டும். கல் வைத்த ஒரு தோட்டை விற்பனையாளர் நீட்டியபோது மொத்த எடை என்ன, நிகர எடை என்ன என்று கேட்டாள். கல்லின் எடையைக் கழிக்காமல் தங்க விலை போடுகிற கடைகளும் இருக்கின்றன. பிறகு கல்லே வேண்டாம் என்று தள்ளிவைத்தாள், இடுக்கில் அழுக்குச் சேருமாம். கடைசியில் எடுத்தது, வட்டமாக, தட்டையாக, நடுவில் சின்னதாக ஒரு பூ செதுக்கிய தோடு. ஜோடி 3.8 கிராம். நான் தனியாகப் போயிருந்தால் அந்தத் தட்டின் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்.

சீட்டுப் பணத்துக்கு ஈடான எடைக்குச் சேதாரம் இல்லை. மீதி எடைக்கு மட்டும் போட்டார்கள். மோதிரத்தின் மதிப்பும் சீட்டும் போக, மேலே ஆயிரத்துச் சொச்சம் கொடுக்க வேண்டியிருந்தது. நான் பணத்தை எடுப்பதற்குள் அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கடை வாசலில் இறங்கும்போதே காதில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அதைக் கழற்றவில்லை. வேலைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். இரண்டில் எது என் பங்கு, வலதா இடதா என்று நான் கேட்பதுண்டு. மோதிரம் இடது காதில் இருக்கிறது என்பாள்.

இந்த முறை பொய்யும் தேவைப்படாது என்று கணக்குப் போட்டிருந்தோம். சீட்டு முடிந்தது, தோடு எடுத்தேன் என்றால் அது உண்மைதானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். அவளுடைய அம்மா பார்த்ததுமே, "நன்றாக இருக்கிறதே, கழற்று பார்க்கலாம்" என்றாராம். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, கையை ஒரு முறை மேலும் கீழும் அசைத்தாராம்.

"மூன்றே முக்கால் கிராம் இருக்கும். ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு இன்று விற்கிற விலையில் இரண்டு கிராம்கூட வராதே. மீதியை யார் போட்டது?"

அவள் மாடிக்குப் போய் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது மணி பதினொன்று. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு. இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ரசீது இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.